ஒரு பிக்சல் வெளிச்சம்: விக்ரம் விழுந்த இடத்தைத் தேடிய முறையும், தெப்பக்குளத்தில் அதைப் பழகுவதும்

2019 செப்டம்பர் 7, அதிகாலை 1.38 மணி. சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் 30 கி.மீ. உயரத்திலிருந்து நிலவை நோக்கி இறங்கத் தொடங்கியது. தொலைக்காட்சியில் போக வேண்டிய பாதைக்கு ஒரு கோடு, போய்க்கொண்டிருக்கும் கலனுக்கு ஒரு பச்சைப் புள்ளி. 2.1 கி.மீ. வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று இஸ்ரோ சொன்னது. அதன்பின் தொடர்பு இல்லை. அந்த நேரத்தில் கண் விழித்திருக்க மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடும் புள்ளியும் பிரிந்ததை ஊரே பார்த்தது.

அடுத்த சில வாரங்களில் அந்தப் பரபரப்பு தேடலாக மாறியது. நிலவின் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு “இதோ விக்ரம்” என்று வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. அத்தனை வட்டங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் நாசாவின் அறிவிப்பில் ஏறியது. அதை அனுப்பியவர் சண்முக சுப்பிரமணியன். மதுரையைச் சொந்த ஊராகக் கொண்டவர், அப்போது சென்னையில் வேலை பார்த்த 33 வயதுப் பொறியாளர். அவரிடம் இருந்தவை இரண்டு மடிக்கணினிகள், ஒன்றில் பழைய படம், மற்றதில் புதிய படம். இரண்டும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய படங்கள். மற்ற வட்டங்கள் ஏன் தவறின, இது ஏன் நின்றது என்பதே இந்த ஆய்வின் பொருள். கூர்மையான கண் இதில் பாதிகூட இல்லை. சூரியன் எந்தக் கோணத்தில் இருந்தபோது எடுத்த படம் என்று பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் பிரிந்த இடம்தான் இது.

விழுந்தது எப்படி

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாடாளுமன்றத்தில் அரசு 2019 நவம்பரில் கொடுத்த பதிலின்படி, முதல் கட்டம் சரியாக நடந்தது: உயரம் 30 கி.மீ.யிலிருந்து 7.4 கி.மீ.க்கும், வேகம் விநாடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டருக்கும் குறைந்தது. இரண்டாம் கட்டத்தில் வேகம் திட்டமிட்டதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது. அதனால் அடுத்த கட்டம் தொடங்கும்போதே கலன் வடிவமைப்பு எல்லைக்கு வெளியே போயிருந்தது. குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் வேகமாக மோதியது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை கொடுத்தன, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, கலன் திரும்பக்கூடிய வேகத்துக்கு மென்பொருள் வரம்பு வைத்திருந்தது, இறங்கும் இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான் என்று இஸ்ரோ பின்னர் விளக்கியது. சந்திரயான்-3க்கு அந்த இடத்தை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆக அகலப்படுத்தியது இதனால்தான்.

தேடுகிறவருக்கு இதில் வேண்டியது ஒரே ஒரு செய்தி: மோதிய வேகத்தில் கலன் முழுசாக இருக்காது. 2.54 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பெட்டியைத் தேடினால் கிடைக்காது. சிதறிய துண்டுகளையும் கலைந்த மண்ணையும் தேட வேண்டும். வாட்ஸ்அப் வட்டங்களில் பெரும்பாலானவை நான்கு காலோடு நிற்கும் லேண்டரைத் தேடியவை.

எல்ஆர்ஓ மாதம் ஒருமுறைதான் வரும்

இந்தத் தேடலுக்குப் படம் கொடுத்தது நிலவைச் சுற்றும் நாசாவின் லூனார் ரெகனைசன்ஸ் ஆர்பிட்டர், சுருக்கமாக எல்ஆர்ஓ. 2009இல் ஏவப்பட்டது. நிலவின் இரண்டு துருவங்களுக்கும் மேலாகச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு சுற்று போகிறது. அதன் சுற்றுத்தளம் விண்வெளியில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க, நிலவு அதற்கு அடியில் 27.3 நாளைக்கு ஒருமுறை சுழல்கிறது. ஆகவே ஒரு குறிப்பிட்ட இடம் கேமராவுக்கு நேர் கீழே பகலில் வருவது மாதத்துக்கு ஒரு தடவைதான்.

படம் எடுத்த தேதிகளைப் பாருங்கள்: செப்டம்பர் 17, அக்டோபர் 14 மற்றும் 15, நவம்பர் 11. இடைவெளி 27 நாள். ஒவ்வொரு முறையும் சூரியன் சுமார் 27 டிகிரி நகர்ந்திருக்கும். அதாவது விக்ரம் விழுந்த இடத்தில் செப்டம்பர் படம் சாயங்காலத்தில் எடுத்தது. அக்டோபர் படம் பிற்பகலில். நவம்பர் படம் கிட்டத்தட்ட நண்பகலில். பொறுமையாக இருந்தால் வெளிச்சம் தானாகவே சரியாகும் என்று சுற்றுப்பாதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டவருக்கு “செப்டம்பரில் தெரியவில்லையே” என்று பதற வேண்டிய அவசியமில்லை.

சாயங்காலம் என்றால் எவ்வளவு சாயங்காலம்? செப்டம்பர் 17 படத்தின் படுகோணம் 84 டிகிரி. படுகோணம் என்பது தலைக்கு நேர் மேலேயிருந்து சூரியன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற அளவு. 84 என்றால் சூரியன் தொடுவானத்திலிருந்து 6 டிகிரிதான் மேலே. நிழலின் நீளத்துக்குக் கணக்கு சுலபம்: உயரத்தை படுகோணத்தின் டான்ஜென்ட்டால் பெருக்க வேண்டும். 84 டிகிரிக்கு அது 9.5. ஒரு மீட்டர் உயரக் கல்லுக்கு ஒன்பதரை மீட்டர் நிழல். அந்தப் படத்தில் ஒரு பிக்சல் 1.3 மீட்டர், ஆக ஒரு சின்னக் கல் ஏழு பிக்சல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு போடும். நிலப்பரப்பில் பாதி இருட்டு. நாசா 2019 செப்டம்பர் 26 அன்று இந்தப் படத்தை வெளியிட்டபோதே, இருள் கவியும் நேரம், கலன் நிழலுக்குள் இருக்கலாம், எங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னது.

நவம்பர் 11 படத்தில் படுகோணம் 72, பிக்சல் 0.7 மீட்டர். அங்கே 72 என்பது மோசமான எண் இல்லை. தெற்கு 70.9 டிகிரி அட்சரேகையில் சூரியன் உச்சிக்கு வந்தாலும் 20 டிகிரி தாண்டுவது அபூர்வம். கிடைக்கக்கூடியதிலேயே நல்ல வெளிச்சம் அது. டான்ஜென்ட் 3.1. மோதல் இடத்தில் பெரிய துண்டுகள் மூன்று. ஒவ்வொன்றும் 2×2 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிக்சல் நிழல். ஒரு பிக்சல் 0.7 மீட்டர், அதை 3.1ஆல் வகுத்தால் துண்டின் உயரம் கால் மீட்டருக்குச் சற்று குறைவு. நிழலை வைத்து உயரம் சொல்வது இப்படித்தான். பிக்சலுக்குப் பாதி பிக்சல் பிழை இருக்கும் என்பதால் இதை அளவு என்று சொல்லாமல் மதிப்பீடு என்று சொல்வதே நேர்மை.

அந்த ஒற்றைப் புள்ளி

சண்முக சுப்பிரமணியன் கண்டது செப்டம்பர் படத்தில் ஒரே ஒரு பிக்சல். பழைய படத்தில் இல்லாத வெளிச்சம். பின்னர் தெரிந்தபடி அது முக்கிய மோதல் இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டரில் கிடந்த துண்டு. அக்டோபர் 3 அன்று அதை அவர் ட்விட்டரில் போட்டார், கேள்விக்குறியோடு. எல்ஆர்ஓ குழுவுக்கு மின்னஞ்சலும் அனுப்பினார். குழு அதை வைத்துக்கொண்டு பழைய படங்களோடு ஒப்பிட்டது, அக்டோபர் படங்களையும் நவம்பர் படங்களையும் பார்த்தது, மோதல் இடத்தையும் சிதறிய துண்டுகளையும் கண்டுபிடித்தது. திட்டத்தின் துணை அறிவியலாளர் ஜான் கெல்லர் அவருக்கு எழுதிய பதிலும் நாசாவின் பொது அறிவிப்பும் டிசம்பர் தொடக்கத்தில் வந்தன. மோதல் இடம்: தெற்கு 70.8810, கிழக்கு 22.7840.

இரண்டு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, செப்டம்பர் 10 அன்றே, சந்திரயான்-2 ஆர்பிட்டர் விக்ரமைக் கண்டுவிட்டது என்று இஸ்ரோ அறிவித்திருந்தது. டிசம்பரில் அதன் தலைவர் கே. சிவன் அதைத் திரும்பவும் நினைவுபடுத்தினார். அதற்கான படம் அப்போது பொதுவெளியில் இல்லை. ஆகவே “முதலில் யார்” என்ற சண்டை இந்த ஆய்வுக்குப் பொருந்தாது. பொதுமக்களால் சரிபார்க்கக்கூடிய படத்தை வைத்து, சரிபார்க்கக்கூடிய முறையில் கண்டது எது என்பதே கேள்வி. இரண்டு, ஒரு பிக்சல் என்பது தன்னளவில் ஆதாரமே இல்லை. கேமராவின் உணரியில் விண்கதிர் ஒன்று பட்டாலும் ஒரு பிக்சல் வெளுக்கும். பளபளக்கும் ஒரு பாறை முகமும் வெளுக்கும். அதை ஆதாரமாக்கியது அடுத்தடுத்த மாதங்களின் படங்கள்: அதே இடத்தில், வேறு வெளிச்சத்தில், அது மறுபடியும் இருந்தது.

ஒரு பிக்சலைவிடச் சின்னத் துண்டு எப்படித் தெரியும் என்று மாணவர்கள் கேட்பார்கள். பிக்சலுக்குள் விழும் ஒளியெல்லாம் சேர்ந்துதான் அதன் மதிப்பு. சுற்றியுள்ள மண்ணைவிடப் பல மடங்கு ஒளியைத் திருப்பியனுப்பும் உலோகத் தகடோ காப்புப் படலமோ அரை மீட்டர் இருந்தால்கூட அந்தப் பிக்சலைத் தூக்கிவிடும். அளவைவிடப் பின்னணியோடு உள்ள மாறுபாடுதான் கணக்கு. இதைச் சொன்னால் புரியாது, செய்துபார்த்தால் ஐந்தே நிமிடத்தில் புரியும். செய்துபார்க்க மதுரையைவிட வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம்.

தெப்பக்குளத்தை நிலவாக்குவது

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர், நடுவில் மைய மண்டபம். மேலிருந்து பார்த்தால் நான்கு கூர்மையான மூலைகள். படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா? போதாததற்கு, தண்ணீரில்லாமல் கிடந்து பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய காலமும் உண்டு, பிறகு பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிரம்பிய காலமும் உண்டு. ‘முன்’ படமும் ‘பின்’ படமும் கையிலேயே இருக்கின்றன.

கூகுள் எர்த் ப்ரோவில் பழைய படங்களைக் காட்டும் கடிகாரக் குறியை அழுத்தி, வறண்ட நாள் ஒன்று, நிரம்பிய நாள் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். பார்வை உயரம், வடதிசை, சாய்வு மூன்றையும் மாற்றாமல் இரண்டையும் சேமிக்க வேண்டும். சாய்வு பூஜ்யத்தில் இருக்கிறதா, நிலமேட்டைக் காட்டும் ‘டெரெய்ன்’ அடுக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இதை மறந்தால் மண்டபம் ஒரு பக்கம் சாய்ந்து, பின்னால் பொருத்தும்போது அரை மணி நேரம் போய்விடும்.

பிறகு படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கி, குளத்தின் ஒரு பக்கம் 231 பிக்சல் வருமளவுக்குச் சுருக்க வேண்டும். 300 மீட்டரை 1.3ஆல் வகுத்தால் வரும் எண் அது. செப்டம்பர் 17 படத்தின் அதே அளவுகோல். சுருக்கும்போது இன்டர்பொலேஷன், அதாவது பிக்சல்களைச் சேர்க்கும் முறை, ‘நன்’ என்று இருந்தால், பல பிக்சலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிடும்; நிற்கிற வண்டி ஒரு படத்தில் இருக்கும், ஒரு படத்தில் காணாமல் போகும். ‘கியூபிக்’ வைத்தால் சராசரி வரும். கேமரா செய்வதும் சராசரிதான்.

இப்போது காமராசர் சாலையில் ஓர் ஆட்டோவைத் தேடச் சொல்லுங்கள். ஆட்டோவின் நீளம் சுமார் 2.6 மீட்டர், அகலம் 1.3. கிட்டத்தட்ட விக்ரமின் நீளம். சுருக்கிய படத்தில் அது இரண்டு பிக்சல் நீளம், ஒரு பிக்சல் அகலம். மேல் ரெக்சின் மஞ்சளாக இருந்தால் தார்ச்சாலையில் வெளுப்பாகத் தெரியும். கறுப்பாக இருந்தால் சாலையோடு சாலையாகக் கரைந்துவிடும். அதே ஆட்டோ, அதே அளவு, ஒன்று தெரிகிறது, ஒன்று தெரியவில்லை. மேலே சொன்ன மாறுபாட்டுக் கணக்கு இதுதான். முக்கிய மோதல் இடத்திலிருந்து 750 மீட்டர் என்பதும் இங்கே கைக்கு எட்டும்: தெப்பக்குளத்தின் இரண்டரைப் பக்கம். ‘இறங்கவிருந்த இடத்தைச் சுற்றி’ என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் மட்டும் தேடினால் ஏன் போதாது என்று அப்போது விளங்கும்.

பொருத்துவதில்தான் அதிகம் தவறுகிறார்கள். மேலுள்ள படத்தைப் பாதி ஒளிபுக வைத்து, மண்டபத்தை மட்டும் மண்டபத்தோடு சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஒரு புள்ளி போதாது. படம் சற்றே திரும்பியிருந்தால் மண்டபம் பொருந்தும், மூலைகள் விலகும். நான்கு மூலையும் பொருந்த வேண்டும், அதுவும் கரையின் கல் விளிம்பில். தண்ணீர் விளிம்பில் பொருத்தினால் நீர்மட்டம் ஏறியிறங்குவது பிழையாகச் சேரும். அரை பிக்சல் விலகினால்கூட ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு பக்கம் வெள்ளைக் கோடும் மறுபக்கம் கறுப்புக் கோடுமாக இரட்டை விழும். நிலவில் இதே விலகல் ஒவ்வொரு பள்ளத்தின் வாயிலும் ‘புதிய பொருள்’ ஒன்றை உண்டாக்கிவிடும். வெள்ளையும் கறுப்பும் ஜோடியாக, படம் முழுக்க ஒரே திசையில் வந்தால் அது கண்டுபிடிப்பு இல்லை, பொருத்தம் சரியில்லை என்று அர்த்தம்.

பொருந்தியபின் மேல் அடுக்கின் கண் குறியை அணைத்து அணைத்துப் போட வேண்டும். மாறாதது நிற்கும், மாறியது துள்ளும். 1930இல் கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டதும் இரண்டு கண்ணாடித் தகடுகளை இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துத்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட இது மனிதக் கண்ணுக்கு எளிது. அடுத்து அடுக்கின் முறையை ‘டிவைட்’ ஆக்கினால் விகிதப் படம் கிடைக்கும். மாறாத இடமெல்லாம் ஒரே நிறமாகிவிடும். மண் கலைந்த இடம் மட்டும் மேகம் மாதிரி தனித்து நிற்கும். எல்ஆர்ஓ குழு விக்ரமின் மோதல் கறையைக் காட்ட வெளியிட்டதும் இப்படிப்பட்ட விகிதப் படமே. ஆனால் இரண்டு படமும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். காலையையும் மாலையையும் வகுத்தால் வருவது நிழல்களின் குப்பை.

யானைமலையும் கீழவளவுக் குவாரியும்

பள்ளம் மேடாகத் தெரிவது தேடுபவர்களைக் கவிழ்க்கும் பழைய குழி. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் கண் எடுத்துக்கொள்ளும். படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் பள்ளம் குமிழாகிவிடும். மார்கழி, தை மாதங்களில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் மதுரைக்குச் சூரியன் தெற்கே இருப்பான். வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் வெளிச்சம் கீழிருந்து வரும். அந்தப் படத்தில் மேலூர் வட்டாரத்துக் கீழவளவு கிரானைட் குவாரியைப் பாருங்கள்: செங்குத்துச் சுவர் கொண்ட குழி, கட்டிடம் மாதிரி எழும்பி நிற்கும். யானைமலை பள்ளத்தாக்காகிவிடும். படத்தை 180 டிகிரி திருப்பினால் இரண்டும் சரியாகிவிடும். யானைமலை மலை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கண் செய்யும் சேட்டையை மறுக்க முடியாது. நிலவில் அப்படித் தெரிந்த மலை ஏதுமில்லை. எனவே முதலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று அம்புக்குறி போட்டு வைத்துவிட்டு, வெளிச்சம் மேலிருந்து வருமாறு படத்தைத் திருப்பிய பிறகே தேடல்.

நிலவுக்குப் போகும்போது

எல்ஆர்ஓ கேமராக் குழுவின் குயிக்மேப் தளத்தில் எல்ஆர்ஓ படங்கள் இலவசம். உலாவியிலேயே பார்க்கலாம். முழுப் படக் கோப்பை இறக்க ஆசைப்பட வேண்டாம்: குறுங்கோணக் கேமராவின் ஒரு படம் 5,064 பிக்சல் அகலம், 52,224 வரி நீளம், 26 கோடிக்கு மேல் பிக்சல். 4 ஜிபி நினைவகமுள்ள ஆய்வகக் கணினி அதைத் திறந்தவுடன் மூச்சு விட்டுவிடும். தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்.

முதல் தப்பு, வரைபட வகையில் நடக்கும். தளம் திறக்கும்போது வருவது சதுரக் கட்ட வரைபடம், 70.9 டிகிரி தெற்கில் அது கிழக்கு மேற்காக மூன்று மடங்கு இழுபட்டிருக்கும். வட்டப் பள்ளம் தோசைபோல நீளும். நிலவில் ஒரு டிகிரி அட்சரேகை 30.3 கி.மீ., அந்த இடத்தில் ஒரு டிகிரி தீர்க்கரேகை 9.9 கி.மீ. மட்டுமே. இதை மறந்து கிழக்கு மேற்காகத் தூரம் அளந்தவர்கள், விழுந்த இடத்திலிருந்து ‘2 கி.மீ.’ என்று சொல்வது உண்மையில் சுமார் 650 மீட்டராக இருக்கும். தென்துருவ வரைபடத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

நேராகச் சந்திரயான்-2 விக்ரமுக்குப் போகாமல், முதலில் வெற்றிபெற்றதைப் பார்ப்பது நல்லது. சந்திரயான்-3இன் விக்ரம் 2023 ஆகஸ்ட் 23 மாலை இறங்கியது. நான்கு நாள் கழித்து எல்ஆர்ஓ அதைச் சாய்வாகப் படம் பிடித்தது. தெற்கு 69.37, கிழக்கு 32.32. எஞ்சின் புகை மண்ணை ஊதித் தள்ளியதால் கலனைச் சுற்றி வெளுப்பான வளையம், பக்கத்தில் கறுப்பு நிழல். முழுக் கலன் எப்படித் தெரியும் என்று கண்ணுக்குப் பழகும். சொல்லப்போனால், அன்று நேரலையை ஒரே சமயத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். நான்கு நாள் கழித்து வந்த இந்தப் படத்தைத் தேடிப் பார்த்தவர்கள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள்?

அதன்பின் 70.8810, 22.7840. இதைச் சுற்றி 2 கி.மீ.க்கு 2 கி.மீ. எடுத்தால், 100 மீட்டர் கட்டங்களாக 400 வரும். கீழடியில் குழிகளைக் கட்டம் பிரித்து எண் கொடுப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். 1.3 மீட்டர் பிக்சலில் ஒரு கட்டம் 77×77. எட்டு மடங்கு பெரிதாக்கினால் திரையில் வசதியாக அடங்கும். கட்டத்துக்கு 2 நிமிடம் என்றால் ஒருவருக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். இருபது மாணவர்கள், ஒவ்வொரு கட்டத்தையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேர் பார்ப்பது என்று வைத்தால் 80 நிமிடம். இரண்டு பேரும் குறித்தது மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். ஒன்றுமில்லாத கட்டத்துக்கும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி வைப்பது முக்கியம். வெற்றுக் கட்டத்தைக் குறிக்காமல் விட்டால் பார்க்காததா, பார்த்து ஒன்றுமில்லாததா என்று நாளைக்குத் தெரியாது.

படத்தை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து தேடவே கூடாது. ஜேபெக் சுருக்கம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக உடைக்கிறது. அந்தக் கட்டத்தின் ஓரங்கள் நேர்கோடாகவும் மூலைகள் செங்கோணமாகவும் இருக்கும். இயற்கையில் நேர்கோடு அபூர்வம் என்பதால் கண் உடனே அதைச் செயற்கைப் பொருள் என்று பிடித்துக்கொள்ளும். 2019இல் சுற்றிய ‘லேண்டர்’ படங்களிலும், செவ்வாயில் ‘கட்டிடம்’ என்று இன்றும் சுற்றும் படங்களிலும் இந்தக் கட்டங்களின் கைவண்ணம் உண்டு. இறக்கியதை டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகவே வைத்திருங்கள்.

செவ்வாயில் இதே வேலை

செவ்வாய்க்கு, அதைச் சுற்றிவரும் நாசாவின் எம்ஆர்ஓ கலத்தின் ஹைரைஸ் கேமரா இருக்கிறது. ஒரு பிக்சல் 25 முதல் 30 செ.மீ. 1971 டிசம்பர் 2 அன்று இறங்கி, 14.5 விநாடி மட்டும் சமிக்ஞை அனுப்பிவிட்டு மௌனமான சோவியத் கலன் மார்ஸ்-3இன் தடயங்களாக இருக்கலாம் எனக் கருதப்படுபவற்றை, ரஷ்யாவில் விட்டாலி எகோரோவ் திரட்டிய ஆர்வலர் குழு 2012 கடைசியில் கண்டது. தேடிய படம் 2007இல் எடுத்தது, 180 கோடி பிக்சல். கண்ணை ஓட்டுவதற்கு முன் அவர்கள் செய்த வேலைதான் கற்றுக்கொள்ள வேண்டியது. பாராசூட், வெப்பக் கவசம், பிரேக் ராக்கெட், கலன் ஆகிய நான்கும் அந்தப் படத்தில் எத்தனை பிக்சலில், எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே மாதிரி செய்துகொண்டார்கள். கிடைத்த பொருள்கள் அந்த அளவுகளோடு ஒத்துப்போயின. எதைத் தேடுகிறோம் என்று முதலில் எழுதி வைத்துவிட்டுத் தேடுவதற்கும், வித்தியாசமாகத் தெரிந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு பிறகு பெயர் வைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. பிரிட்டனின் பீகிள்-2, 2003 டிசம்பரில் தொலைந்து 2015 ஜனவரியில் கிடைத்ததும் ஹைரைஸ் படங்களில்தான். இறங்கவிருந்த மையத்திலிருந்து சுமார் 5 கி.மீ.யில், சூரியத் தகடுகளில் சில விரியாமல் நின்றிருந்தது. பதினொரு வருஷம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

புதிய இடத்தைப் படமெடுக்கச் சொல்லிப் பொதுமக்கள் கோரிக்கை வைக்க ஹைவிஷ் என்ற வழியும் உண்டு. கோரிக்கையில் இடத்தோடு காரணமும் எழுத வேண்டும். ‘சுவாரசியமாக இருக்கிறது’ என்பது காரணம் ஆகாது.

எழுதி அனுப்புவது

கண்டதை அனுப்பும்போது படத்தின் எண், அந்தப் படத்தில் பொருள் எத்தனையாவது வரியில் எத்தனையாவது பிக்சல், அட்ச தீர்க்கரேகை, ஒப்பிட்ட பழைய படத்தின் எண், இரண்டு படத்தின் படுகோணம், அளவுகோலோடு வெட்டிய இரண்டு துண்டுகள். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். திரையைப் படம் பிடித்து வட்டம் போட்டு அனுப்பினால், வாங்குகிறவர் அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கவே அரை நாள் போகும். பெரும்பாலும் கண்டுபிடிக்க மாட்டார். தலைப்பில் ‘கண்டுபிடித்துவிட்டேன்’ வேண்டாம்.

இதே இடத்தில் இன்னும் முடியாத வேலை ஒன்று கிடக்கிறது. விக்ரமின் உள்ளே இருந்த பிரக்யான் ரோவர் சிதையாமல் வெளியே வந்து கொஞ்ச தூரம் நகர்ந்திருக்கலாம் என்று 2020 ஆகஸ்டில் சண்முக சுப்பிரமணியன் ஒரு கருத்தை முன்வைத்தார். அது உறுதிப்படவில்லை. 90 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் கொண்ட அந்த ரோவர், 0.7 மீட்டர் பிக்சலில் ஒரு புள்ளிக்குச் சற்றே மேல். அதை வைத்து ரோவரா கல்லா என்று யாராலும் சொல்ல முடியாது. சந்திரயான்-2 ஆர்பிட்டரின் உயர்பிரிதிறன் கேமரா ஓஎச்ஆர்சி நிலவைப் பிக்சலுக்குச் சுமார் 28 செ.மீ. அளவில் எடுக்கிறது; அதில் பிரக்யான் மூன்று பிக்சல். அந்தக் கேமராவின் படங்களை இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்து இறக்கலாம். 70.88 தெற்கு, 22.78 கிழக்கு அடங்கிய படம் கிடைத்தால், முதலில் பார்க்க வேண்டியது படுகோணம்; 84 என்று இருந்தால் மூடி வைத்துவிட்டு நண்பகல் படத்துக்குக் காத்திருங்கள்.